யாரைக் காத்திருக்கச் சொல்வது? நெருக்கடியில் நிறுவனத்தை நடத்த நீலகிரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மண்சரிவு ஒரு தேயிலைத் தொழிற்சாலையை மூடுவது அரிது. சரிவுக்குப் பிறகு வரும் இரண்டு மாதங்களில் தவறாக எடுத்த முடிவுகளும், எடுக்கத் தயங்கித் தள்ளிப்போட்ட முடிவுகளும்தான் மூடுகின்றன. நெருக்கடி என்றால் பணம், ஆள், வண்டி, நேரம் எல்லாம் ஒரே சமயத்தில் குறைந்துபோவது. அப்போது எல்லோருக்கும் எல்லாம் கிடைக்காது. யாருக்கு இன்று, யாருக்குப் பிறகு என்று வரிசைப்படுத்த வேண்டும். பிறகு என்று முடிவானவரிடம் அதை நேரில் போய்ச் சொல்லவும் வேண்டும். தலைவரின் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. முதலாவதைப் பலர் செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்பவர்கள் குறைவு. நல்ல நிறுவனங்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

நீலகிரியில் ஒரு சிறு விவசாயிகள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 1962 இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது. 1965 இல் அத்தகைய தொழிற்சாலைகளுக்கான இணையமாக இன்ட்கோசர்வ் உருவானது. அன்று முதல் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்களின் மாத வருமானம் இவற்றோடு பிணைந்திருக்கிறது. மகளிர் குழுக் கூட்டமைப்பு, பள்ளி அறக்கட்டளை, காய்கறி உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றை நடத்துபவர்களுக்கும் படிகள் இவையே. இலைக்குப் பதிலாக அவரவர் சரக்கை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: எந்த வகை நெருக்கடி என்று பெயர் வையுங்கள்

மலையில் நெருக்கடி மூன்று வடிவில் வருகிறது. ஒன்று, திடீரென வருவது: மண்சரிவு, சாலைத் துண்டிப்பு, தீ, பாய்லர் விபத்து. இரண்டாவது, மெல்ல வருவது: விலைச் சரிவு, ஆள் பற்றாக்குறை, ஏறிக்கொண்டே போகும் கடன். மூன்றாவது, நம்பிக்கை உடைவது: கலப்படப் புகார், கணக்கில் முறைகேடு, எடை மோசடி.

இந்தப் பிரிவு வெறும் வசதிக்காக அல்ல. திடீர் நெருக்கடியில் வேகம் முக்கியம்; பாதி தகவலோடு முடிவெடுத்தே ஆகவேண்டும். மெல்ல வரும் நெருக்கடியில் வேகம் கெடுக்கும். அங்கே வேண்டியது ஒப்புக்கொள்ளும் துணிவு. நம்பிக்கை உடையும்போது வேகமும் துணிவும் போதாது, வெளியாள் ஒருவர் வந்து சரிபார்க்கும் ஏற்பாடும் தேவை. மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் நிர்வாகக் குழுக்களைப் பார்க்கிறோம். விலை சரிந்தால் இரவோடு இரவாக அவசரக் கூட்டம் கூட்டுவார்கள். சாலை சரிந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு ஒத்திவைப்பார்கள்.

எந்த மாதத்தில் எது வரும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தை அடிக்கும். 2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் 40 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலம் என்ற இடத்தில் ஏற்பட்ட மண்சரிவை குன்னூர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொழுந்தைக் கருக்கும். மஞ்சூரில் இருக்கும் தொழிற்சாலையும் கோத்தகிரியில் இருக்கும் தொழிற்சாலையும் ஒரே மாதத்தில் தயாராக வேண்டியதில்லை. உங்கள் ஊரின் மாதம் எது என்று முதலில் எழுதுங்கள்.

இரண்டாவது படி: முதல் ஒரு மணி நேரம்

தலைகளை எண்ணுங்கள். இரவுப் பணியில் இருந்தவர்கள், இலை ஏற்றப் போன வண்டிகளின் ஓட்டுநர்கள், லயன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருக்கும் குடும்பங்கள், அன்று விடுப்பில் இருந்தவர்கள் என்று பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும். "எல்லோரும் நன்றாக இருப்பார்கள்" என்று யாராவது சொன்னால், யார் நேரில் பார்த்தது என்று கேளுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் எடைமேடைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். கைப்பேசி அணைந்துபோனவர் இன்னொருவருடைய கைப்பேசியில் அழைக்க அது உதவும்.

அடுத்து, நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள். தேயிலைத் தொழிலில் இதைத் தள்ளிப்போடவே முடியாது. பறித்த இலை சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். மின்சாரம் இல்லையென்றால் வாட்டும் தொட்டியின் விசிறி ஓடாது; ஜெனரேட்டர் ஒரு இரவைத் தாங்கலாம், மூன்று இரவைத் தாங்காது. எனவே மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது என்று தெரிந்த நிமிடத்திலேயே, மறுநாள் பறிக்க வேண்டாம் என்ற செய்தி ஒவ்வொரு ஹட்டிக்கும், அதாவது ஒவ்வொரு படுகர் ஊருக்கும், போக வேண்டும். விடியற்காலையில் கூலி ஆள் வைத்துப் பறித்த பிறகு "இலை வேண்டாம்" என்று சொன்னால் விவசாயிக்கு இலையும் போச்சு, கூலியும் போச்சு. முதல் நாள் மாலையே சொன்னால் இலை செடியிலேயே சில நாள் இருக்கும். கொஞ்சம் முற்றும், அவ்வளவுதான். ஒரு மாலைப்பொழுதின் தாமதத்துக்கு எத்தனை குடும்பங்கள் பணம் கட்டுகின்றன என்று நினைத்துப் பாருங்கள்.

சேதத்தைச் சுத்தம் செய்யும் முன் எல்லாக் கோணத்திலிருந்தும் படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே எழுத்து மூலம் தகவல் கொடுங்கள். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் மண்ணை வாரிக் கொட்டிவிட்டால், பிறகு எவ்வளவு மண் விழுந்தது என்று நிரூபிக்க ஆளில்லை. உயிருக்கு ஆபத்து இருந்தால் இந்த விதி பொருந்தாது. அப்போது மண்ணை வாருங்கள், படம் போகட்டும்.

மூன்றாவது படி: முடிவெடுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர்

கூட்டுறவில் இது கசப்பாக இருக்கும். நிர்வாகக் குழுவில் எல்லோரும் சமம், எல்லோரும் பேசுவோம் என்பது சாதாரண நாளுக்கு அழகு. சாலை அடைபட்ட நாளில் ஐந்து பேர் ஐந்து ஓட்டுநர்களுக்கு ஐந்து விதமாகச் சொன்னால் மூன்று வண்டி பர்லியார் பக்கம் போய் நிற்கும், இரண்டு கோத்தகிரி வழியாகச் சுற்றும்.

எனவே மழைக்காலத்துக்கு முன்பே குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளுங்கள்: நெருக்கடி என்று தலைவர் அறிவித்த நாளிலிருந்து 15 நாட்களுக்கு அன்றாட முடிவுகள் ஒருவர் கையில், குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவென்றால் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும், 15 ஆம் நாள் குழு கூடி எல்லாவற்றையும் ஆய்வு செய்யும். காலவரையும் தொகைவரையும் இல்லாத அதிகாரத்தைக் கேட்காதீர்கள், கொடுக்கவும் கொடுக்காதீர்கள். நெருக்கடியின் பெயரால் வாங்கிய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்காத தலைவர்களால் பிளவுபட்ட சங்கங்கள் நம் மலையிலும் உண்டு.

அவருக்குப் பக்கத்தில் நால்வர் போதும். தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்பதை டீ மேக்கர் பார்க்க வேண்டும், வண்டியும் இலையும் ஒருவர், பணம் கணக்கர், ஊர்களோடும் அதிகாரிகளோடும் பேசுவதற்கு ஒருவர். கடைசி ஆள் ஹட்டிகளில் படுகமொழியில் பேசக்கூடியவராகவும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் வாழும் லயன்களில் தயக்கமின்றி நுழையக்கூடியவராகவும் இருப்பது நல்லது. ஒரே ஆளிடம் இரண்டும் இல்லையென்றால் இருவரைப் போடுங்கள்.

ஒரு நோட்டுப்புத்தகம் வேண்டும். தேதி, நேரம், என்ன தெரிந்தது, என்ன முடிவு, யார் எடுத்தது. ஐந்தே பத்திகள். பிறகு வரும் தணிக்கைக்கும், காப்பீட்டுக்கும், பொதுக்குழுவில் எழும் கேள்விக்கும் இதுதான் பதில் சொல்லும்.

நான்காவது படி: பணம் எப்போது குறையும் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நிறுவனங்கள் விழுகின்றன.

தேயிலையில் சேதம் நடக்கும் நாளும் பணம் குறையும் நாளும் ஒன்றல்ல. இன்று அரைத்த தூள் மூட்டையாகி, கிடங்குக்குப் போய், ஏலப் பட்டியலில் ஏறி, குன்னூர் ஏலத்தில் விலைபோய், வாங்கியவர் பணம் கட்டி, அது நம் கணக்குக்கு வர வாரங்கள் ஆகும். ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நவம்பர் முதல் வாரத்தில் தொழிற்சாலை நின்றால், நவம்பரில் வங்கிக் கணக்கு பெரிதாக மாறாது. அக்டோபரில் அரைத்த தூளின் பணம் வந்துகொண்டிருக்கும். "சமாளித்துவிட்டோம்" என்று எல்லோரும் மூச்சுவிடும் டிசம்பரில்தான் குழி தெரியும். அதற்குள் வந்த பணத்தைப் பழைய பாக்கிக்கும் அவசரப் பழுதுபார்ப்புக்கும் கொடுத்து முடித்திருப்பார்கள்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 10,000 கிலோ இலை வருகிறது. நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால் 2,500 கிலோ தூள். கிலோ 100 ரூபாய்க்கு விற்றால் 2.5 லட்சம் ரூபாய். இலைக்குக் கிலோவுக்கு 16 ரூபாய் என்றால் 1.6 லட்சம் விவசாயிகளுக்குப் போகும். மீதி 90,000 ரூபாயில்தான் விறகு, மின்சாரம், கூலி, லாரி, தரகு, வட்டி எல்லாம். 12 நாள் நின்றால் விற்பனையில் 30 லட்சம் போகிறது. இலைக்குக் கொடுக்க வேண்டிய 19.2 லட்சமும் இல்லாமல் போகிறது. வித்தியாசம் 10.8 லட்சம். அதில் விறகும் லாரியும் கோணியும் மிச்சம். நிரந்தரப் பணியாளர் சம்பளம், வட்டி, மின் இணைப்பின் குறைந்தபட்சக் கட்டணம் ஆகியவை மிச்சமாகாது. ஆக, உண்மையான குழி 6, 7 லட்சமாக இருக்கும். 30 லட்சம் என்று அலறுவதும் தவறு, ஒன்றுமில்லை என்று இருப்பதும் தவறு. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

பிறகு ஒரு தாளில் அடுத்த 13 வாரங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் கீழே நிச்சயம் வரக்கூடிய பணம், நிச்சயம் போகவேண்டிய பணம், கையிருப்பு. வரக்கூடும் என்று நம்புகிற நிவாரணம், மானியம், காப்பீட்டுத் தொகை எதையும் அதில் சேர்க்காதீர்கள். வந்தால் வந்த வாரத்தில் எழுதிக்கொள்ளலாம். எந்த வாரத்தில் கையிருப்பு சுழியத்துக்குக் கீழே போகிறதோ, அந்த வாரம்தான் உங்கள் உண்மையான நெருக்கடி. அதற்கு முன் எத்தனை வாரம் இருக்கிறதோ, அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

ஐந்தாவது படி: காத்திருப்போர் வரிசை

இப்போது கடினமான பகுதி. யாருக்கு எப்போது பட்டுவாடா?

என் வரிசையைச் சொல்கிறேன். முதலில் நாள்கூலி, மாதச் சம்பளத் தொழிலாளர்கள். மாதச் சம்பளத்தைச் சட்டமும் அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் கொடு என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், கூலி தவறினால் அன்று இரவு அடுப்பெரியாத வீடு அவர்களுடையதுதான். இரண்டாவது, சிறு அங்கத்தினர்கள். மூன்றாவது, இலை வண்டி ஓட்டுநர்கள். அவர்கள் டீசல் போட முடியாமல் நின்றால் தொழிற்சாலை திறந்தும் பயனில்லை. நான்காவது, மின் கட்டணம். அதன்பின் விறகு வியாபாரி, உதிரிபாகக் கடை, பெரிய அங்கத்தினர்கள், வங்கி.

இரண்டாவது இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. சிறு விவசாயி, பெரிய விவசாயி என்று பிரித்தால் ஊருக்குள் சண்டை வரும். எல்லோரும் அங்கத்தினர்கள், எல்லோர் இலையும் ஒரே இலைதான். இதற்கு நல்ல வழி, எல்லோருக்கும் ஒரே விதியை வைத்து முதல் பகுதியைக் காப்பது. உதாரணமாக, அந்த மாதம் கொடுத்த இலையில் முதல் 300 கிலோவுக்கு எல்லோருக்கும் முழுப் பணம், அதற்கு மேல் உள்ளதற்குப் பாதி, மீதி குறிப்பிட்ட தேதியில். அரை ஏக்கர்காரருக்குப் பெரும்பாலும் முழுத்தொகையும் கிடைத்துவிடும். ஐந்து ஏக்கர்காரர் காத்திருப்பார், ஆனால் அவரும் வெறும் கையோடு போகமாட்டார். எத்தனை கிலோ என்பதை உங்கள் இலைப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கத்தினர்களில் பாதிப் பேராவது முழுப் பணம் பெறும் அளவில் வையுங்கள்.

வங்கி கடைசியில் இருக்கிறது என்றால் வங்கியிடம் கடைசியில் பேசலாம் என்று பொருளல்ல. முதலில் பேச வேண்டியவர்களில் ஒருவர் கிளை மேலாளர். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு அவரே நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு. தவணை தவறும் முன், அந்த 13 வாரத் தாளோடு போய் உட்காருங்கள். எந்த வாரம் குறையும், எந்த வாரம் திரும்பக் கட்டுவீர்கள் என்று காட்டுங்கள். காரணத்தோடு முன்கூட்டி வந்தவரையும், தவறிய பிறகு அகப்பட்டவரையும் எந்த வங்கியும் ஒரே கண்ணால் பார்க்காது.

வரிசை முடிவானதும், காத்திருக்க வேண்டியவர்களிடம் நேரில் போங்கள். விறகு வியாபாரியைக் கணக்கர் மூலம் அலைய விடாதீர்கள். பெரிய அங்கத்தினர் வீட்டுக்குத் தலைவரே போக வேண்டும். சொல்ல வேண்டியவை நான்கு: எவ்வளவு, எந்தத் தேதி, ஏன் நீங்கள் இந்த இடத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு முன்னால் யார் இருக்கிறார்கள். கடைசியை மறைக்கத் தோன்றும், மறைக்காதீர்கள். தன் பணம் தொழிலாளிக்கும் அரை ஏக்கர்காரருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். தலைவரின் உறவினருக்கு முழுப் பட்டுவாடா ஆகிவிட்டது என்று வேறொருவர் வாயால் கேட்டால் ஒருவரும் பொறுக்கமாட்டார். எனவே குழு உறுப்பினர்களும் அவர்கள் குடும்பத்தினரும் விதி எதுவாக இருந்தாலும் வரிசையின் கடைசியில் நிற்கட்டும், அது எல்லோருக்கும் தெரியட்டும்.

ஆறாவது படி: ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரல்

தொழிற்சாலை நின்ற இரண்டாம் நாளே ஹட்டிகளில் ஒரு பேச்சு கிளம்பும்: "மூடப்போகிறார்களாம்." மூன்றாம் நாள் தனியார் தொழிற்சாலைகளின் இலை ஏஜெண்டுகள் வருவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவர்கள் தொழில். உங்களிடமிருந்து செய்தி வராத இடத்தில் அவர்கள் செய்தி நிரம்பும்.

தினமும் மாலை 5 மணி என்று ஒரு நேரத்தை வையுங்கள். புதிய செய்தி இல்லையென்றாலும் அந்த நேரத்தில் செய்தி போக வேண்டும். அதில் மூன்றே பகுதி: இன்று நிச்சயமாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, அடுத்த செய்தி எப்போது. "இரண்டு நாளில் திறந்துவிடுவோம்" என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். சாலையை நெடுஞ்சாலைத் துறை திறக்க வேண்டும், மின்சாரத்தை மின்வாரியம் கொடுக்க வேண்டும். உங்கள் கையில் இல்லாத தேதியை வாக்குறுதியாகக் கொடுத்தால், அது பொய்க்கும் நாளில் உங்கள் கையில் இருப்பதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது. பெருமழையில் கோபுரம் விழுந்தால் பாதி ஊருக்குச் சமிக்ஞை இருக்காது. ஒவ்வொரு இலைக் கொள்முதல் நிலையத்திலும் கரும்பலகை ஒன்று, ஒவ்வொரு ஊருக்கும் பொறுப்பாக ஒருவர், ஊர்த்தலைவரிடம் நேரடியாகத் தகவல். குரல் பதிவு அனுப்பினால் தலைவரே பேசட்டும். எழுத்தைவிடத் தெரிந்த குரல் வேகமாக நம்பப்படும். படுகமொழியில் ஒன்று, தமிழில் ஒன்று. கூடலூர் பக்கமென்றால் மலையாளத்திலும் ஒன்று.

யாராவது இறந்திருந்தால், முதல் செய்திக்கு முன் அந்த வீட்டுக்குப் போங்கள். மாலை எடுத்துப் போவதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். இழப்பீட்டுக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று தெரிந்த ஒருவரை அந்தக் குடும்பத்துக்கென ஒதுக்குங்கள். காரியம் முடிந்து பல வாரம் ஆன பின்னும் அந்த ஆள் போய்க்கொண்டிருக்க வேண்டும். இதற்கு மேல் சொல்ல இதில் ஒன்றுமில்லை, செய்ய மட்டும்தான் இருக்கிறது.

ஏழாவது படி: விலை சரியும்போது

மெல்ல வரும் நெருக்கடிக்கு இந்த மலைக்கு ஒரு பெரிய பாடம் உண்டு. நீலகிரித் தூள் பல ஆண்டுகள் சோவியத் சந்தையைப் பெரிதும் நம்பி இருந்தது. 1991 இல் சோவியத் யூனியன் கலைந்தது. அதன் முழு அடி உடனே விழவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில்தான் பசுந்தேயிலை விலை கடுமையாகச் சரிந்தது. போராட்டங்கள் நடந்தன, பல குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடி இறங்கினார்கள். அடித்தளம் ஆட்டம் கண்டதற்கும் விலை விழுந்ததற்கும் இடையில் இருந்த ஆண்டுகளில் நல்ல விலையும் வந்து போனதால், ஆபத்து முடிந்தது என்ற எண்ணம் பரவியது.

விலைச் சரிவில் தலைவர் செய்யக்கூடிய மிக ஆபத்தான கருணை, கடன் வாங்கி இலைக்கு அதிக விலை கொடுப்பது. அங்கத்தினர்கள் கைதட்டுவார்கள், அடுத்த தேர்தலிலும் வெல்லலாம். தூள் விற்ற பணத்தில் நியாயமாகக் கொடுக்கக்கூடியது 14 ரூபாயாக இருக்கும்போது 17 கொடுத்தால், அந்த மூன்று ரூபாயை அதே அங்கத்தினர்களின் பிற்கால இலையிலிருந்து வட்டியோடு எடுக்க வேண்டிவரும். தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்குச் சராசரி விலையை அறிவிக்கிறது. அதையும், உங்கள் ஏல சராசரியையும், செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாதாமாதம் எல்லோருக்கும் காட்டுங்கள். விலையை உங்களால் உயர்த்த முடியாது. விலை எப்படி வந்தது என்பதை மறைக்காமல் இருக்க முடியும்.

உங்கள் கையில் இருப்பது தரம். இரண்டு இலை ஒரு மொட்டு என்று ஊரெல்லாம் தெரியும், ஆனால் இலை வெட்டும் கத்தரியும் இயந்திரமும் வந்தபிறகு முற்றிய இலையும் குச்சியும் சேர்ந்தே வருகின்றன. ஆள் கிடைக்காத விவசாயியைத் திட்டி இதைச் சரிசெய்ய முடியாது. நல்ல இலைக்குத் தனித் தொட்டி, தனி அரைப்பு, கிலோவுக்குக் கூடுதல் விலை என்று ஓரிரு ஊர்களில் தொடங்குங்கள். கூடுதல் விலையை அந்த வாரமே கொடுங்கள். ஆண்டிறுதி போனஸாகக் கொடுத்தால் இலைக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு விவசாயிக்குத் தெரியாமல் போய்விடும்.

எட்டாவது படி: பெயர் கெடும்போது

மாதிரி ஒன்று சோதனையில் தோற்றுவிட்டது, சாயம் கலந்திருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

2015 இல் மேகி நூடுல்ஸ் விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காரீயம் அதிகம், சுவையூட்டி பற்றிய அறிவிப்பு தவறு என்று கிளம்பிய புகார், ஜூன் 5 அன்று நாடு முழுதும் தடையில் முடிந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கி மறுசோதனைக்கு அனுப்பியது. நவம்பரில் சரக்கு கடைக்குத் திரும்பியது. இடையில் ஆயிரக்கணக்கான டன் அழிக்கப்பட்டது. அந்த நிறுவனம் தொடக்கத்தில் மக்களிடம் பேசத் தாமதித்தது என்று அப்போது பரவலாக விமர்சிக்கப்பட்டது. சட்டப்படி வெல்லக்கூடிய வழக்கிலும் மௌனத்துக்கு விலை உண்டு. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் அந்த விலையைக் கொடுக்க முடிந்தது, ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையால் முடியாது.

நம் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு தூள் தொகுதிக்கும் இன்வாய்ஸ் எண் உண்டு. எந்த எண், எந்த நாள் அரைத்தது, அன்று யார் பணியில் இருந்தார்கள், இலை எங்கிருந்து வந்தது, எந்தக் கிடங்கில் எவ்வளவு மீதி என்பதை அன்றே கண்டுபிடித்து, அந்தத் தொகுதியை விற்பனையிலிருந்து நிறுத்துங்கள். தரகருக்கும் வாங்கியவருக்கும் நீங்களே முதலில் சொல்லுங்கள். மீதி மாதிரியை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கழிவுத்தேயிலை எங்கே போகிறது என்ற பதிவேட்டை எடுத்து வையுங்கள். அதைக் கட்டுப்படுத்த 1959 முதலே தனி ஆணை இருக்கிறது, அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

உள்ளே ஒருவர் தவறு செய்திருந்தால், விசாரணை முடியும் வரை அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கி வையுங்கள், பெயரைத் தூற்றாதீர்கள். விசாரிப்பவர் குழுவுக்கு வெளியே இருக்கட்டும். சொந்த ஊர்க்காரரை சொந்த ஊர்க்காரர்களே விசாரித்து வந்த தீர்ப்பை, சரியாக இருந்தாலும், அடுத்த ஊர் ஏற்காது.

ஒன்பதாவது படி: அரசு அலுவலகங்கள்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் வெறும் "நிவாரணம் வேண்டும்" மனு எங்கோ போய்ச் சேரும். எந்தச் சாலையின் எந்த வளைவு, எத்தனை ஊரின் இலை நிற்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பு, எந்தத் துறை என்ன செய்தால் தீரும் என்று ஒரே பக்கத்தில் எழுதி, படத்தோடு கொடுங்கள். எல்லாக் கட்சிக்காரர்களிடமும் அதே ஒரு பக்கம் போகட்டும். ஒரு கட்சி மேடையில் மட்டும் ஏறினால் அடுத்த நெருக்கடியில் மறுகட்சி வராது.

பத்தாவது படி: திறந்த பிறகு

பாய்லர் மீண்டும் எரிந்ததும் எல்லோரும் பழைய வேலைக்கு ஓடிவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள், நினைவு மங்கும் முன், அந்த நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்த முடிவு எவ்வளவு தாமதமானது, ஏன் தாமதமானது என்று மட்டும் கேளுங்கள். யார் குற்றம் என்று தொடங்கினால் அடுத்த முறை நோட்டுப்புத்தகத்தில் யாரும் உண்மை எழுதமாட்டார்கள். இரவு பகலாக நின்றவர்களுக்கு விடுப்புக் கொடுங்கள். தலைவருக்கும் சேர்த்துத்தான், தூங்காத ஆள் கையெழுத்திட்ட காசோலைகளை யாராவது இரண்டாவது முறை பார்க்கட்டும். பொதுக்குழுவைக் கூட்டி, காத்திருந்தவர்களுக்கு யார் யாருக்கு எப்போது கொடுத்து முடித்தீர்கள் என்ற பட்டியலை வாசியுங்கள்.

பிறகு அடுத்ததற்குத் தயாராகுங்கள். மாவட்டத்தில் 283 இடங்கள் பேரிடர் அபாயம் உள்ளவை என்று மாவட்ட நிர்வாகம் அடையாளம் கண்டிருக்கிறது. உங்கள் இலை வண்டிகள் போகும் பாதையில் எவை வருகின்றன என்று வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொரு கிலோ தூளிலிருந்தும் சில பைசாவை ஒதுக்கி, தனிக் கணக்கில் போடுங்கள். நல்ல விலை வரும் மாதத்தில் தொடங்குவது எளிது. 2020 இல் பொதுமுடக்கத்துக்குப் பின் விலை ஏறியதே, அதுபோன்ற மாதங்கள் மீண்டும் வரும்.

எல்லாவற்றையும்விடப் பயனுள்ள ஒன்று, மலையின் வேறு பக்கத்தில் இருக்கும் இன்னொரு தொழிற்சாலையோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம். நம் தொழிற்சாலை நின்றால் அவர்கள் நம் இலையை வாங்க வேண்டும், அவர்கள் நின்றால் நாம். இரண்டும் ஒரே சாலையில், ஒரே பருவமழையில் இருந்தால் பயனில்லை. குந்தா பக்கத்துத் தொழிற்சாலை கோத்தகிரி பக்கம் துணை தேட வேண்டும். தூரம் அதிகம் என்பதால் எல்லா இலையும் போகாது, தினமும் இரண்டு லாரி போனாலும் அவ்வளவு விவசாயிகளின் இலை பிழைக்கும். ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் தெளிவாக இருக்கட்டும்: ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை கிலோ, எந்த நேரத்துக்குள் லாரி வந்து சேர வேண்டும், எடை யார் எடைமேடையில், லாரி வாடகை யாருக்கு, விவசாயிக்குப் பணம் எந்தத் தொழிற்சாலை எந்தத் தேதியில் கொடுக்கும். மே மாதத்துக்குள் இரு குழுக்களும் கையெழுத்திட்டு, ஜூனில் ஒரு நாள் ஒரு லாரி இலையை உண்மையாகவே அனுப்பிப் பாருங்கள்.